சித்தப்பாவின் முதுகில் ஒரு பனை

எங்கள் வீட்டில் தோலில் ஓட்டையில்லாத ஆள் ஒருவரும் இல்லை. எனக்குப் பேச்சு வருமுன்னரே தட்டாரைக் கூப்பிட்டு இரண்டு காதையும் குத்திவிட்டார்கள். நான் வீடு அதிர அழ, அயலட்டை எல்லாம் கூடி வந்து, பிள்ளைக்கு வடிவாய் இருக்கிறது என்று சொல்லிப் பாயாசம் குடித்துவிட்டுப் போனார்களாம். அம்மாவுக்குக் காதில் இரண்டு, மூக்கில் ஒன்று. அப்பாவோ கலியாணத்துக்கு முன்னர் ஊர் முருகனுக்குச் செடில் காவடி எடுத்தவர். முதுகுத் தோலில் வரிசையாகக் கொழுக்கிகளைக் கொழுவி, பின்னால் ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடிக்க, மேளத்துக்கு ஆடிக்கொண்டு போகிற படம் ஒன்று எங்கள் விறாந்தைச் சுவரில் தொங்கியது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா அதைக் காட்டுவார். அப்படிப்பட்ட வீட்டில்தான், சித்தப்பா முதுகில் பச்சை குத்திக்கொண்டு வந்துவிட்டார் என்று ஒரு கிழமையாய் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. சண்டைக் காலத்தில் எங்கள் ஊர் வேலணையிலிருந்து வெளிநாடு போவதற்காகக் கொழும்புக்குப் புறப்பட்டவர். அங்கே நெடுநாள் நின்று, பிறகு ஒருவாறு சுவிசுக்குப் போய்ச் சேர்ந்தார். கொழும்பில் நின்ற காலத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் கேட்டதில்லை, ஏனென்றால் சொக்கிளேற்று வந்தது சுவிசிலிருந்துதான். சண்டை முடிந்து சில வருடங்கள் கழித்து அவர் முதல்முறையாக ஊருக்கு வந்தபோது நான் நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். வந்த மறுநாள் காலையில் கிணற்றடியில் அவர் குளித்துக்கொண்டு நிற்க, குசினி யன்னலால் எட்டிப் பார்த்த அம்மா தேத்தண்ணிக் கேத்தலைக் கையிலிருந்து விட்டுவிட்டார்.

"உதென்ன தம்பி உது முதுகிலை?"

"பனை, அண்ணி."

"பனையெண்டு தெரியுது. வளவுக்கை நிக்கிறது காணாதெண்டே முதுகிலையும் ஒண்டு?"

"சுவிசிலை பேருக்கும் ஒரு பனை இல்லை. அதுதான் நானே ஒண்டைக் காவிக்கொண்டு திரியிறன்."

எனக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று. உண்மையிலேயே அது நல்ல பனைதான். இடுப்புக்கு மேலே அடிமரம் தொடங்கி, நடு முதுகில் குலைகுலையாய்க் காய் தொங்க, தோள்மூட்டுவரை ஓலை விரிந்து நின்றது. சித்தப்பா தோளை அசைத்தால் ஓலையும் அசையும். அப்பா மட்டும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே மாட்டேன் என்று நின்றார்.

"மறியலிலை கம்பியெண்ணிக்கொண்டு கிடக்கிறவங்கள்தான் உப்பிடிக் குத்துறவங்கள்," என்றார் வேலியைப் பார்த்துக்கொண்டு.

சித்தப்பா சிரிக்கத் தொடங்கியவர், சிரித்து முடிக்காமல் துவாயை எடுத்து முதுகைப் போர்த்திக்கொண்டார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏன், நீங்கள் முதுகிலை கொழுக்கி கொழுவிக்கொண்டு ஆடேக்கைதானே என்ரை ஐயா உங்களைக் கண்டவர்? பொம்பிளை தரமாட்டன் எண்டவரே?"

"அது முருகனுக்கு வைச்ச நேத்தி. இது காவாலித்தனம்."

"ரண்டும் ஊசிதானே," என்று சொல்லிவிட்டு அம்மா நெளிந்த கேத்தலைத் தட்டி நிமிர்த்தப் போனார்.

அப்பா இவ்வளவு துள்ளியதற்குக் காரணம் இருந்தது. சித்தப்பா வந்ததே கலியாணம் செய்யத்தான். அனலைதீவில் பெண் பார்த்து, சாதகமும் பொருந்தியிருந்தது. பெண் யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தார். சித்தப்பா அவரோடு போனில் கதைத்துவிட்டு, அதன் பின்னர் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு வளவைச் சுற்றித் திரிவார். சாப்பாட்டில் உப்பில்லாவிட்டாலும் நன்றாயிருக்கிறது என்பார். அவருக்கு அந்தப் பெண்தான் வேண்டும் என்பது ஒன்பது வயதுக்காரிக்கே விளங்கியது. ஆனால் பெண்ணின் தகப்பன், புகையிலைத் தோட்டக்காரர், சரியான பழங்காலத்து ஆள் என்று கேள்வி. முன்னர் ஒரு மாப்பிள்ளை காதில் தோடு போட்டுக்கொண்டு போனதற்கு, தேத்தண்ணியும் கொடுக்காமல் அடுத்த வள்ளத்திலேயே திருப்பி அனுப்பினவராம்.

மாப்பிள்ளையும் பெண்ணும் நேரில் பார்த்துக்கொள்வது எங்கள் ஊர்க் கோயில் தேரன்று என்று முடிவாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் இதற்குக் கோயில்தான் வசதி. சரிவந்தால் கடவுள் கூட்டிவைத்தார் என்று சொல்லலாம், சரிவராவிட்டால் சாமி கும்பிட வந்தோம் என்று சொல்லிக்கொண்டு கச்சான் கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சிக்கல் என்னவென்றால், கோயிலுக்குள் ஆண்கள் சேட்டைக் கழற்றாமல் போக ஏலாது. சால்வையைத் தோளில் போட்டாலும், இடுப்பில் கட்டச் சொல்லி ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிடுவார்கள்.

"நான் நேரை சொல்லிப்போடுறன் அண்ணை," என்றார் சித்தப்பா.

"சொன்னால் அந்தாள் அனலைதீவிலை வள்ளம் ஏறாது," என்றார் அப்பா.

முதலில் அம்மா ஒரு வழி சொன்னார். பக்தர்களைப் போல் முதுகெல்லாம் சந்தனம் பூசிவிடுவது. ஒத்திகை பார்த்தோம். ஒரு சட்டி நிறையச் சந்தனம் கரைத்து, அம்மாவும் நானும் சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அப்பினோம். பத்து நிமிடம் மிக நன்றாக இருந்தது. பிறகு வெயிலில் காய்ந்து வெடித்து, சித்தப்பா தும்மியவுடன் ஓலைப்பக்கம் முழுவதும் பாளம்பாளமாகக் கழன்று விழுந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார், சிரிக்கச் சிரிக்க மிச்சமும் விழுந்தது.

அடுத்த வழியைச் சொன்னது நான்தான். தேருக்குப் பின்னால் ஈர வேட்டியோடு வீதி மணலில் உருண்டு பிரதட்டை செய்கிறவர்களை வருடாவருடம் பார்த்திருக்கிறேன். அவர்கள் எழும்பும்போது உடம்பில் ஒட்டிய மண்ணில், பெற்ற தாய்க்கே ஆள் பிடிபடாது. "சித்தப்பா உருண்டால் பனை மண்ணுக்கை மறைஞ்சிடுமே," என்று சும்மா சொன்னேன். சாப்பாட்டு மேசையில் அப்பா என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பிள்ளை டொக்டராய்த்தான் வரும் என்பது தெரிந்தது. மாப்பிள்ளை பிரதட்டை செய்தால் பெண்வீட்டாருக்கும் மதிப்பாயிருக்கும். முடிந்த கையோடு மண்ணோடேயே வீட்டுக்கு ஓடிவந்து, குளித்து, சேட்டுப் போட்டுக்கொண்டு வெளிவீதியில் பெண்ணைப் பார்க்கலாம். யாருக்கும் இதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

தேரன்று காலையில் முதுகுக்குச் சந்தனமும் பூசி, அதன்மேல் தண்ணீரும் வார்த்து, கையில் தேங்காயைக் கொடுத்து சித்தப்பாவை மணலில் கிடத்தினோம். தேர் நகர்ந்தது. முன்னால் கிடந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் உருட்டிவிட்ட பீப்பா மாதிரி நேராய்ப் போனார்கள். சித்தப்பா குளிர் நாட்டுக்காரர். முதலில் நேரே போனவர், பிறகு கோணலாகி, விழுந்து கும்பிட்டு அடியழித்துக்கொண்டு வந்த பெண்கள் பக்கம் போகத் தொடங்கிவிட்டார். அப்பா ஓடிப்போய்க் காலைப் பிடித்துத் திருப்பினார். அதன் பிறகு வீதி முழுவதும் அப்பா குனிந்தபடி தம்பியைத் தள்ளிக்கொண்டே வந்தார். சித்தப்பா, "அண்ணை, வானம் சுத்துது," என்று சொல்வதும், "அரோகரா எண்டு சொல்லு, நிண்டிடும்," என்று அப்பா சொல்வதும் எனக்குக் கேட்டது.

தேர் இருப்புக்கு வந்தபோது சித்தப்பாவை அடையாளம் தெரியவில்லை. பனையும் இல்லை, சித்தப்பாவும் இல்லை, ஒரு மண் உருவம் இருந்தது. திட்டம் நூற்றுக்கு நூறு பலித்துவிட்டது. ஆனால் அந்த உருவத்தால் எழும்பி நடக்க முடியவில்லை. இரண்டடி வைத்துவிட்டுக் கோயில் கிணற்றடியில் தலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் தகப்பன் வந்து நின்றார். மெலிந்து உயர்ந்த மனிதர். முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி.

"சுவிசிலை இருந்து வந்து பிரதட்டை செய்யிற பெடியனை இண்டைக்குத்தான் காணுறன். குந்தியிரும் தம்பி, நானே தண்ணி வாக்கிறன்," என்று சொல்லிவிட்டுத் துலாக்கயிற்றைப் பிடித்தார்.

"இல்லை இல்லை, அவன் வீட்டை போய்ச் சுடுதண்ணியிலை குளிப்பான்," என்றார் அப்பா. உச்சி வெயிலில் அவருக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"பிரதட்டை செய்த ஆளை மண்ணோடை விடுறதே? பிள்ளை, உன்ரை சித்தப்பாதானே, முதுகைத் தேய்ச்சுவிடு பாப்பம்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கோபுரத்தைப் பார்த்தார். நான் பனை இல்லாத இடமாய்ப் பார்த்து, கழுத்தையும் முழங்கையையும் தேய்த்தேன். ஆனால் தண்ணீர் என்னைக் கேட்டு ஓடவில்லை. முதலில் ஓர் ஓலை தெரிந்தது. பிறகு இன்னோர் ஓலை. இரண்டாவது வாளியில் பனையின் தலை முழுவதும் வந்துவிட்டது. இனி மறைத்து என்ன செய்வது என்று நானும் கையை அகல வைத்து முதுகு முழுவதையும் நன்றாகத் தேய்த்துவிட்டேன். அப்போதுதான் ஒரு புதினம் கண்டேன். ஓலையும் அடிமரமும் வழுவழுப்பாக இருக்க, காய்கள் மட்டும் சட்டையில் பூட்டுகிற தெறி அளவில் மேடாய்க் கைக்குத் தட்டுப்பட்டன. சுவிசில் பச்சை குத்தியவன் காய்களை மட்டும் எழுப்பிக் குத்தியிருக்கிறான், என்ன கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

தண்ணீர் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். பெண்ணின் தகப்பன் வாளியோடு குனிந்து அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்புப் போய்விட்டது. சித்தப்பா தலையைக் குனிந்தபடி அசையாமல் இருந்தார். அப்பாவும் வேறு வழியில்லாமல் கிட்ட வந்து, அன்றுதான் முதல்முறையாகத் தம்பியின் முதுகைப் பார்த்தார். போச்சு, கலியாணம் போச்சு என்று நினைத்தேன். அந்த மனிதர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு விரலால் ஒரு காயைத் தொட்டார். பிறகு அடுத்ததை. பிறகு துலாவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். திரும்ப வாளியை எடுத்தபோது, கைக்குழந்தைக்கு வார்ப்பதுபோல் மெல்ல மெல்லத் தண்ணீரை வார்த்தார். வார்த்து முடித்து, தன் இடுப்பில் கட்டியிருந்த பட்டுச் சால்வையை அவிழ்த்து முதுகை ஒற்றித் துடைத்தார்.

"நல்ல பனை தம்பி," என்றார். "வடிவாக் காய்ச்சிருக்கு."

நான் ஒரே ஓட்டமாய் ஓடினேன். அம்மாவும் பெண்ணும் கச்சான் கடையடியில் நின்றார்கள். பெண் என் கையைப் பிடித்து, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"மண் கனக்க," என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை. "முதுகிலை பனையும் இருக்கு. உங்கடை ஐயா கண்டிட்டார்."

"ஓம், பனை இருக்கெண்டு போனிலையே சொன்னவர்," என்றார் அவர் அமைதியாக. "காய் எத்தினை எண்டுகூடச் சொன்னவர்."

எங்கள் ஒரு சட்டிச் சந்தனமும் அப்பாவின் முதுகு வலியும் வீண். அம்மா வாயில் போட்ட கச்சானை மெல்லாமல் நின்றார். கலியாணம் பேசுகிறவர்கள் போனில் இதையெல்லாமா எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அடுத்த மாதமே கலியாணம். வள்ளம் வள்ளமாய் அனலைதீவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எனக்குப் புதுப் பாவாடையும் சட்டையும். சித்தப்பா சிரித்த சிரிப்பில் மாலையே ஆடியது. தாலி கட்டி முடிந்ததும் சித்தியின் ஐயா எல்லாருக்கும் முன்னால் அவரைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டப் போய், தட்டாமல் தடவிவிட்டார். அப்பா அதன் பிறகு பச்சையைப் பற்றி வாய்திறக்கவே இல்லை. பனை நன்றாக இருந்தபடியால்தான் கலியாணம் சரிவந்தது என்று பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் என் தோழி ஒருத்தி பச்சை குத்த வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மணிக்கட்டில் ஒரு கொத்து நெல்லிக்காய் கேட்டாள். நான் என் சுவிஸ் அறிவைக் காட்ட நினைத்து, குத்துகிற பெடியனிடம், காய்களைக் கொஞ்சம் எழுப்பிக் குத்தச் சொன்னேன்.

"மையாலை தோலை எழுப்ப ஏலாது அக்கா," என்றான். "மேடாய் இருந்தால் அது கீழை கிடக்கிற தழும்பு. தழும்பை மறைக்கவும் கனபேர் வாறவை."

"வட்டமாய், தெறியளவிலை இருந்தால்?"

அவன் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "சிகரெட்டாலை சுட்டதாய் இருக்கும்," என்றான்.

தோழி வலிக்காமலே கத்திக்கொண்டிருந்தாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். சித்தியின் தமையன் ஒருவரும் அந்த நாட்களில் கொழும்பில், மறியலில், நெடுநாள் நின்றவர் என்று எப்போதோ கேட்டது ஞாபகம் வந்தது. சித்தப்பா பனை குத்தியது சுவிசில் பனை இல்லாததால் அல்ல. காய்கள்தான் முதலில் வந்திருக்கின்றன. மரத்தை அவர் பிறகுதான் நட்டிருக்கிறார்.