ரவிக்கைத் துணி வேண்டாம்

"சுரங்கத் தொழிலாளருக்குச் சம்பளம் ஏறுகிறது. அவர்களுக்குத் துணி விற்கும் எனக்கு ஏன் ஏறவில்லை?" என்று பக்கத்து வீட்டு ஐடா அக்கா என்னிடம் கேட்டார்.

அவர் வேலை செய்யும் ஆண்டர்சன்பேட்டைத் துணிக்கடையில் சம்பள உயர்வு கேட்டால், முதலாளி கிறிஸ்துமஸுக்கு ஒரு ரவிக்கைத் துணி கொடுத்து வாயை அடைப்பார். போன கிறிஸ்துமஸில் அக்கா அதை வாங்கவில்லை. பகல் ஷிப்ட் முடிந்து சுரங்கத்துச் சங்கு ஊதியதும், கடையில் அத்தனை கூட்டம் இருந்தும் அளவுகோலைக் கீழே வைத்தார்.

"இன்னா ஐடா, வேல கெடக்குதே?"

"மைன்ஸ்ல ஷிப்ட் முடிஞ்சிடுச்சு மொதலாளி. எனக்கும் முடிஞ்சிடுச்சு. சம்பளம் ஏத்துங்க, ராத்திரி வரைக்கும் நிக்கிறேன்."

"வேற ஆளா கெடைக்காது?"

"ஆளு கெடைக்கும். நாங்க கெடைக்க மாட்டோம்," என்று துணி எடுக்க வந்த பெண்கள் எழுந்தார்கள்.

முதலாளி இன்னும் சம்பளத்தை ஏற்றவில்லை. அக்காவை வேலையிலிருந்து நிறுத்தவும் அவருக்குத் தைரியமில்லை. அக்கா கேட்பதை விடவில்லை. கடைகளில் நின்று உழைக்கும் உங்கள் வீட்டாருக்கு இதைச் சொல்லுங்கள்.