சந்தைக்குக் கீழே ஒரு கோட்டை

குளிர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் கடைக்குப் பின்னால் இருந்த இரும்புக் கதவின் இடுக்கு வழியாக, நடுக்கோடையிலும் நிலவறைக் குளிர் மேலேறி வந்து கால்விரல்களைத் தொடும். அதனோடு மீன்கடை ஐஸ் உருகிய நீரும் ஈரமண்ணும் கலந்த ஒரு மணமும் வரும். ஜெர்மனியில் வுப்பர்டாலுக்கு அருகில் உள்ள ஒரு சிறு நகரம் அது. அதன் நடுவில் இருந்த பழைய கொங்கிரீட் சந்தை மண்டபத்தை எல்லோரும் 'ஹல்ல' என்று சொல்வார்கள். அங்கே அப்பாவும் அம்மாவும் மரக்கறிக்கடை வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய்ச் சேரும் இடம் அதுதான்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், எனக்குப் பதினொரு வயதளவில், நகரசபை வியாபாரிகளைக் கூட்டியது. மண்டபத்துக்கு அடியில் இடைக்காலக் கோட்டை ஒன்றின் மிச்சங்கள் கிடக்கின்றன. மண்டபத்தை இடித்து, அவற்றை அகழ்ந்து பார்த்து, அதே இடத்தில் புதிய சந்தை கட்டித் தருவோம். அதுவரை ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள வாகனத் தரிப்பிடத்தில் இரும்புக் கொள்கலன் பெட்டிகளில் கடை நடத்தலாம் என்றார்கள். அப்பாவின் ஜெர்மன் மரக்கறி விற்கப் போதும், கூட்டத்துக்குப் போதாது. அதனால் பக்கத்தில் இருந்து அவருடைய காதுக்குள் மொழிபெயர்த்தவள் நான்தான்.

“தற்காலிகமாகத்தானாம், அப்பா.”

அப்பா அந்த அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்களையும் அப்பிடிச் சொல்லித்தான் எழுப்பினவங்கள்,” என்றார்.

யாழ்ப்பாணத்தில் அவருடைய ஊர் இராணுவ முகாமுக்குப் பக்கத்தில் இருந்தது. வீடுவீடாகப் பேரைப் பதிந்துகொண்டு, கொஞ்ச நாளைக்கு விலகி இருங்கள் என்று இராணுவம் சொன்னதை நம்பி, அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைக்கூட எடுக்காமல் வெளிக்கிட்ட வீட்டை அவர் பிறகு காணவே இல்லை. கோட்டை என்ற சொல்லும் அவருக்கு நல்ல சொல் அல்ல. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கோட்டை என்றால் கொடியும் குதிரைவீரரும். எங்கள் வீட்டிலோ அது இராணுவம் இருந்த யாழ்ப்பாணக் கோட்டை, பட்டணத்துக்குள் ஷெல் வந்து விழுந்த திசை.

அப்பா மட்டும் சந்தேகப்பட்டார் என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கடையில் மீன் விற்ற ஊவே, தகப்பன் காலத்தில் இருந்தே அங்கே நின்றவர், அப்படி ஒரு கோட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்று அடித்துச் சொன்னார். எங்களைக் கிளப்பிவிட்டு நிலத்தைப் பெரிய கம்பனி ஒன்றுக்கு விற்கக் கட்டிய கதை என்பது அவர் முடிவு. மண்டபம் முழுவதும் அதை நம்பியது. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவன், கூரையை அண்ணாந்து பார்க்கிறவன், எல்லோருமே உளவாளிகளாகத் தெரிந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் கத்ரின் வந்தாள். நிலவறைத் தரையை உடைத்துக் குழி தோண்டிய தொல்லியல்காரி அவள். மதியத்தில் சேறு படிந்த காற்சட்டையோடு எங்கள் கடைக்கு வந்து, அம்மா பொரித்து வைத்திருக்கும் 'ரோல்ஸ்' வாங்கி நின்றபடியே சாப்பிடுவாள். அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. அப்பாவோ, “அவளுக்கு வாயைக் குடுக்காதே, அவள் அளக்க வந்தவள்,” என்று அம்மாவை எச்சரித்துக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் காலை வான் வண்டியில் இருந்து மரக்கறி இறக்கும்போது, கத்ரின் பழங்கற்கள் நிறைந்த பெட்டிகளை நிலவறைக்குள் தூக்கிக்கொண்டு போவதை அப்பா கண்டார். “தோண்டி எடுக்கிறவள் எண்டால் ஏன் உள்ளுக்குக் கொண்டுபோறாள்?” அந்தக் கேள்வியை ஊவேயிடமும் கொண்டுபோனார். நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது இருவரும் இரும்புக் கதவடியில் எனக்காகக் காத்திருந்தார்கள். கேட்க வேண்டியதைப் பிழையில்லாமல் கேட்க நான் வேண்டுமாம்.

கீழே போய் அதைக் கேட்டபோது கத்ரின் கோபப்படவில்லை. அவை அந்தக் குழியில் எடுத்த கற்கள்தான், கழுவிப் பதிந்து, சுவரோடு பொருத்திப் பார்க்கத் திரும்பக் கொண்டுவந்தேன் என்றாள். பிறகு விளக்கைத் திருப்பினாள். குழியின் அடியில், எங்கள் கடைக்கு நேர் கீழே, ஒரு மாடு படுக்கக்கூடிய அகலத்தில் வளைந்து கிடந்தது சுவர். அப்பா ஏணியால் இறங்கிப் போய்ச் சுவரில் கையை வைத்தார். கற்களுக்கு இடையில் இருந்த சாந்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“சுவர் உண்மைதான்,” என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாவின் முகமோ இன்னும் இறுகிப்போயிருந்தது. “திரும்பி வர விடுவாங்களோ எண்டு கேள்.”

கேட்டேன். கத்ரின் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். தனக்குக் கற்களைப் பற்றித்தான் தெரியும், மேலே என்ன கட்டுவார்கள் என்று தனக்கு ஒருவரும் சொல்வதில்லை, அதனால் தெரியாது என்றாள்.

அன்று பின்னேரம் அம்மா, “பிறகென்ன, பொய் இல்லைத்தானே. எல்லாரோடையும் சேர்ந்து கொள்கலனுக்குப் போவம்,” என்றார்.

“பொய்யெண்டால் ஒருநாளைக்குப் பிடிபட்டு விட்டிடுவாங்கள். உண்மையான கோட்டைக்குப் பக்கத்திலை சனத்தை விடமாட்டாங்கள்,” என்றார் அப்பா. பிறகு, “தெரியாது எண்டு சொன்னவள் அவள் ஒருத்திதான். மற்ற எல்லாருக்கும் எல்லாம் தெரியுது,” என்றார்.

இரண்டு தெரு தள்ளி, மூடிக் கிடந்த ஒரு பூக்கடையை அவர் எடுத்தார். பழகிய முகங்களை விட்டுப் பிரிவதில் அம்மாவுக்குத் துளியும் விருப்பம் இல்லை. கடை திறந்த பிறகும் வெகுநாள் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மண்டபம் இடிந்தது. சுவரைப் பார்க்க ஊரே வந்தது. பிறகு அதன்மேல் மண்ணைப் போட்டு மூடி, சுற்றிவர வேலி அடைத்தார்கள். யாரும் ஏமாற்றியதாக இன்றுவரை ஒருவராலும் காட்ட முடியவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் திட்டம் மாறியது, அவ்வளவுதான். கொள்கலன்களில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று போனார்கள். கடைசிவரை நின்றவர் ஊவே. அவரும் மூடிய அன்று, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மீன்மேசைகளை ஏற்றிக் கொடுக்கப் போனார். உனக்கு முன்னமே என்ன தெரிந்திருந்தது என்று ஊவே கேட்டார். நான் மொழிபெயர்க்க முன்னமே அப்பா தன்னுடைய உடைந்த ஜெர்மனில் பதில் சொன்னார்: “ஒன்றும் தெரியாது. பயமாக இருந்தது.”

இருபது வருடங்களுக்கு மேல் மூடிக் கிடந்த அந்த வேலி சென்ற வருடம் ஒருவழியாகத் திறந்தது. நூலகத்தில் நடந்த கூட்டத்துக்கு அப்பாவோடு போனேன். திரையில் புதிய சந்தையின் படம்: கண்ணாடித் தரை, அதற்குக் கீழே வெளிச்சத்தில் அந்தச் சுவர். நிலவறைக் குளிர் ஏறிவர அதில் ஓர் இடுக்கும் இல்லை. ஊவே வடக்கே மகளிடம் போய் அங்கேயே காலமாகிவிட்டார். மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. மேடையில் நின்ற இளம் அதிகாரி, மண்டபம் இடிந்தபோது பள்ளிக்கூடம்கூடப் போகத் தொடங்கியிராதவர், பழைய வியாபாரிகளுக்கே முதலிடம் என்று உண்மையான அன்போடு சொல்லி, அவர்களில் யாராவது இங்கே இருக்கிறீர்களா என்று கேட்டார்.

சபை திரும்பிப் பார்த்தது. அப்பா இரண்டு கைகளையும் மேலங்கிப் பைக்குள் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கையால் மெல்ல இடித்தேன், அசையவில்லை. அதிகாரி சற்று நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “ஏனப்பா கையைத் தூக்கேல்லை?”

“தூக்கினால் பேர் கேப்பாங்கள், பிள்ளை,” என்றார்.