எனக்கு முன்னால் இருந்த ஏழு பேர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை எழுதத் தொடங்கி, தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். ஒன்பதாவது வரைதான் படித்தவள் என்ற கூச்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் பெரிய காரணம் வேறு. இந்தக் கதை எங்கள் பக்கம் ஏற்கெனவே நாலு பேர் வாயில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் நான் ரொம்ப நல்லவளாக வருகிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு முள் குத்தியது போல இருக்கும்.

ராயப்பன்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டத்தில் பந்தல் வேலை பார்க்கிறார். அறுப்புக்கு ஆள் கூப்பிட்டால் நானும் போவேன். நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆவணி மாதம், எங்கள் மகளுக்கு அவள் ஆசைப்பட்ட படிப்பிலேயே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பஸ்ஸில் ஆறு மணி நேரம் போக வேண்டிய ஊர். எங்கள் குடும்பத்தில் வெளியூர் போய்த் தங்கிப் படிக்கப் போகிற முதல் பெண் அவள்தான். வீட்டுக்காரர் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். கொடுத்து முடித்து வந்து ஒன்று சொன்னார்.

"ஹாஸ்டல்னா போகட்டும். வெளிய ரூம் எடுத்துத் தங்குறதெல்லாம் நமக்கு ஆகாது. ஹாஸ்டல் கெடைக்கலேன்னா இங்கனயே உத்தமபாளையத்துல சேத்துருவோம்."

கோபமாகச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். எனக்கும் அதே பயம்தான்.

நாங்கள் செய்த தவறு என்ன தெரியுமா? படிக்க இடம் கொடுத்தவர்கள் படுக்கவும் இடம் கொடுப்பார்கள் என்று நினைத்து, நிம்மதியாக வாளி, பாய், தலையணை எல்லாம் பார்த்து வைத்துக்கொண்டிருந்தோம். ஜெராக்ஸ் எடுக்கப் போன கம்ப்யூட்டர் சென்டரில்தான் அந்தத் தம்பி கேட்டது.

"ஏக்கா, ஹாஸ்டலுக்கு அப்ளிகேசன் போட்டாச்சா?"

"அதான் சீட்டுக் கெடச்சிருச்சேப்பா."

"அட, அது வேற, இது வேறக்கா! வெரசா ஒக்காருங்க."

அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டோம். ஆனால் நாலு நாள் போயிருந்தது. காத்திருப்போர் பட்டியலில் மகள் எட்டாவது. எங்களுக்கு முன்னால் ஏழு பேர்.

எங்கள் கோயிலில் மாதா பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு விண்ணப்பப் பெட்டி உண்டு. வேண்டுதலைத் துண்டுத்தாளில் எழுதிப் போட்டால், புதன்கிழமை நவநாள் பூசையில் சாமியார் எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார். பெயர் எழுத வேண்டியதில்லை. நான் என் மனதில் இருந்ததை அப்படியே எழுதிப் போட்டேன். அந்தப் புதன்கிழமை சாமியார், நோய் தீர வேண்டும், மழை வேண்டும் என்று ஒவ்வொன்றாக வாசித்து வந்தவர், ஒரு தாளில் நின்றார். தொண்டையைச் செருமினார். பிறகு வாசித்தார்.

"ஹாஸ்டலில் என் மகளுக்கு முன்னால் இருக்கும் ஏழு பேரும் விலகிப் போக, மாதாவே வழி செய்யும்."

கோயிலே சிரித்தது. பாடகர் குழுப் பிள்ளைகள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பெயர் போடாவிட்டால் என்ன, ஊரில் ஹாஸ்டலுக்கு அலைகிற வீடு எது என்று தெரியாதா? வெளியே வந்ததும் என் ஓரகத்தி பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா, ஏழு பேத்தையும் வெரட்டச் சொல்லி மனுப் போட்டிருக்கியே, மாதா என்ன அங்கன வாட்ச்மேனாவா இருக்காக?"

நானும் சிரித்தேன். ஆனால் வேண்டுதலை மாற்றவில்லை. மகள் தினமும் போனில் பட்டியலைப் பார்ப்பாள். எட்டு ஏழானது. ஏழு ஐந்தானது. குறையக் குறைய நான் மெழுகுதிரி ஏற்றினேன். போனவர்கள் யார், அவர்களுக்கு இடம் கிடைத்ததா, வழியில்லாமல் விலகினார்களா என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் இரண்டாம் எண்ணுக்கு வந்து நின்றது. அன்றே செய்தியும் வந்தது: ஒரே ஒரு கட்டில் மீதி இருக்கிறது, பட்டியலில் உள்ளவர்கள் அசல் சான்றிதழ்களோடு நாளைக் காலை நேரில் வர வேண்டும், பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம்.

முதல் பஸ்ஸுக்கே நானும் மகளும் கிளம்பினோம். துணிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் சான்றிதழ் பைல், இட்லிப் பொட்டலம், அதற்கு மேல் இரண்டு கிலோ பன்னீர் திராட்சை. திராட்சை வார்டனுக்கு. எங்கள் பக்கத்து ஆட்கள் கலெக்டரைப் பார்க்கப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் திராட்சையோடுதான் போவோம்.

பெண்கள் விடுதி அலுவலகத்துக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு. ஏழெட்டு அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். புர்கா போட்ட ஒரு அம்மா நகர்ந்து இடம் விட்டு, "இங்கன ஒக்காருங்கக்கா" என்றாள். அந்த 'இங்கன' காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது.

"எந்த ஊரும்மா?"

"கம்பம்க்கா. நீங்க?"

"ராயப்பன்பட்டிப் பக்கம்!"

"அடியாத்தி! இத்தன தூரம் வந்து பக்கத்து ஊர்க்காரவுக பக்கத்துலயா ஒக்காந்திருக்கேன்!"

குனிந்து பார்த்தால் அவள் காலடியிலும் அதே துணிக்கடைக் கட்டைப்பை. மேலே பன்னீர் திராட்சை. வார்டனுக்குத்தானாம். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எங்கள் பெண்கள் இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் அவள் வீட்டுக் கதை முழுக்க எனக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரர் காய்கறி லோடு ஏற்றிக் குமுளி வழியாகக் கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறார். அங்கேயும் அதே பேச்சுதான்.

"இவ அத்தா ஒரே பிடியா சொல்லிட்டாகக்கா. ஹாஸ்டல் கெடச்சாத்தான் படிப்பு, இல்லேன்னா வீட்டுல இருக்கட்டும்னு. நல்லவேளை, இப்ப நாங்கதான் ஒண்ணாம் நம்பரு. ஒங்க புள்ள எத்தனாவது?"

மூன்று வாரமாக நான் விலகிப் போகச் சொல்லி மன்றாடிய ஏழில் கடைசி ஆள், என் இட்லியைத் தின்றுகொண்டு, தன் மிளகாய்ப் பொடியை எனக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள். என் மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டு, "அது ரொம்பப் பின்னாடிம்மா" என்றேன். பொய். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"மனசு விட்ராதீகக்கா. ஒங்க புள்ளைக்கும் சேத்து துஆ செய்றேன்" என்றாள் அவள்.

மதியம் நெருங்கியதும் பெண்கள் இருவரும் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வாசலுக்குப் போனார்கள். லுஹர் தொழுகைக்கு நேரமானதால், காவலுக்கு இருந்த அம்மா காட்டிய படிக்கட்டு ஓர அறைக்கு இவள் கிளம்பினாள். போகும்போது தன் பையை என் மடிப் பக்கம் தள்ளினாள்.

"பைலு இதுலதான் இருக்கு, பாத்துக்கங்கக்கா. கூப்பிட்டாகன்னா ஒரு குரல் குடுங்க, ஓடியாந்துர்றேன்."

அவள் போய் ஐந்து நிமிஷம் இருக்காது. அலுவலக மேடம் வெளியே வந்து அவள் மகளின் பெயரைக் கூப்பிட்டார். "வெயிட்டிங் ஒண்ணு!"

நான் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'நான் எதுவும் செய்யவில்லை, மாதாதான் செய்கிறாள்' என்று மனசு சொன்னது. பெஞ்சில் இருந்த மற்றவர்களும் பேசவில்லை. அவர்களுக்கும் ஒரு எண் முன்னால் போகுமே. "இல்லையா? சரி, வெயிட்டிங் ரெண்டு!" என்று மேடம் என் மகள் பெயரைச் சொன்னார். நான் எழுந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவர் கை நீட்டினார். பையிலிருந்து பைலை உருவி, சரியாக இருக்கிறதா என்று திறந்தேன்.

முக்காடு போட்ட பெண்ணின் போட்டோ. கம்பத்துப் பெண். சற்று முன்னால் என் மகளோடு கை கோத்துக்கொண்டு ஜெராக்ஸ் எடுக்கப் போன பெண், என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரே கடைப் பை. அவசரத்தில் அவள் பையைத் தூக்கி வந்திருக்கிறேன்.

அன்றைக்குக் கோயில் சிரித்த சிரிப்பு அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழு என்று எழுதினேனே, அந்த ஏழும் ஏழு பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு அம்மா, ஒரு பை.

"மேடம், ஒண்ணாம் நம்பரு இங்கனதான் இருக்காக. தொழுகப் போயிருக்காக. இதான் அவுக பைலு" என்றேன்.

"நீங்க யாரு?"

"ரெண்டாம் நம்பரு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவங்க வந்துட்டா உங்களுக்கு இடம் இல்லம்மா. தெரியும்ல?"

"தெரியும்" என்றேன். வெளியே ஓடிப்போய், படிக்கட்டுப் பக்கம் நின்று, அவள் தொழுது சலாம் கொடுத்து முடிக்கிறவரை காத்திருந்து கூட்டி வந்தேன். கட்டில் அவள் மகளுக்குக் கிடைத்தது. அவள் சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் அழுதுவிட்டேன். "ரெண்டாவது நம்பரு எம் புள்ளதாம்மா. பொய் சொல்லிட்டேன்" என்று அதை மட்டும் சொன்னேன்.

அவள் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக? மொதல்லயே சொன்னா நான் என்ன கடிச்சா வச்சிருவேன்?"

அதற்குள் அவள் மகள் விடுதி விதிமுறைத் தாளை வரி விடாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். விடுதியில் இருப்பவர் வார்டனிடம் எழுதிக் கொடுத்தால், பத்து நாளைக்கு ஒரு பெண்ணைத் தன் அறையில் விருந்தாளியாக வைத்துக்கொள்ளலாமாம். அந்தப் பிள்ளை விடுதிக்காரியாகி எழுதிய முதல் விண்ணப்பம் என் மகளுக்காக எழுதியதுதான். நாலு பேரும் வார்டன் முன்னால் போய் நின்றோம். கண்டிப்பான மனுஷி.

"இவ உனக்கு என்ன உறவு?"

"எங்க ஊருப் பக்கம் மேடம்."

"அது உறவா?"

கம்பத்துக்காரி முந்திக்கொண்டாள். "எங்க ஊரு வாசல் தாண்டி வந்துட்டா அதுதான் மேடம் மொத ஒறவு!" சொல்லிக்கொண்டே இரண்டு பைத் திராட்சையையும் மேசையில் வைத்தாள்.

"இது என்ன, லஞ்சமா?"

"இல்ல மேடம். திரும்ப ஆறு மணி நேரம் பஸ்ஸுல தூக்கிட்டுப் போனா சாறாப் போயிரும்."

வார்டன் சிரித்துவிட்டார். திராட்சையைச் சாப்பாட்டு அறைக்கு அனுப்பிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போனில் கேட்ட என் வீட்டுக்காரர், "பத்து நாளா? சரி, பத்து நாளைக்கு மாதா பாத்துக்கிருவாக" என்றார்.

அந்த வாரம் புதன்கிழமைக்கு வேண்டுதல் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எப்படி எழுதினாலும் யாரோ ஒரு பிள்ளை விடுதியை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. கடைசியில், 'பேர் தெரியாத அந்த ஏழு பிள்ளைகளும் நல்லா இருக்கணும்' என்று மட்டும் எழுதிப் போட்டேன். சாமியார் வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஓரகத்திகூட என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் மகள் போன் செய்தாள். பக்கத்து அறைப் பெண்ணுக்கு அவள் காத்திருந்த மருத்துவப் படிப்பு கிடைத்துவிட்டதாம். துள்ளிக் குதித்துக்கொண்டு போனாளாம். போகும்போது தன் புது நீல வாளியையும் மக்கையும் என் மகளிடம் கொடுத்து, "என் கட்டில் ராசியானது, வச்சுக்கோ" என்றாளாம். பட்டியலில் அடுத்து நின்ற என் மகளுக்கே அந்தக் கட்டில் கிடைத்தது. ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே விலகிப் போகவும் கடவுளால் வழி செய்ய முடியும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

மகள் இந்த வருஷம் படித்து முடித்துவிட்டாள். அந்த நீல வாளி எங்கள் வீட்டுக் குழாயடியில் இருக்கிறது. கம்பத்திலிருந்து நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் பலகாரம் அங்கே போகும். கம்பத்துக்காரி போகிற இடமெல்லாம், "எங்கக்கா தன் புள்ளைக்கு வந்த எடத்த எம் புள்ளைக்கு விட்டுக் குடுத்தாக" என்று சொல்லிவிட்டாள். நான் பேசாமல் இருந்ததையும், எழுந்து உள்ளே போனதையும் யாரிடமும் நான் சொன்னதில்லை.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் அவளுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அந்தப் பக்கமிருந்து சிரிப்புக் கேட்டது.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. ரெண்டு தடவ கூப்பிட்டும் நீங்க பேசலேன்னு, கையெழுத்துப் போடையில அந்த மேடம் சொல்லிட்டாகளே."

"தெரிஞ்சுமா ஊரெல்லாம் அப்பிடிச் சொன்ன?"

"நீங்க எந்திரிச்சுப் போனதும் நெசம், என்னயக் கூப்பிட வந்ததும் நெசம். எனக்குப் பிடிச்சத நான் சொன்னேன். மிச்சத்த நீங்க எழுதிட்டீகள்ல, அனுப்புங்க."

நான்கு வருஷம் கதையின் அந்தப் பாதியை மனசுக்குள் மூடி வைத்துக்கொண்டு என்னை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள். இப்போதெல்லாம் பஸ்ஸில் யாராவது எழுந்ததால் எனக்கு இடம் கிடைத்தால்கூட, உட்காரும் முன் அவர் நல்லபடியாக இறங்கிவிட்டாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறேன். வாசிக்கிறவர்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இதை யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள், அந்தப் பெஞ்சில் நான் வாய் மூடி இருந்ததை விட்டுவிட்டால், அவளுடைய நல்ல மனசும் கதையிலிருந்து விட்டுப் போய்விடும்.