கம்பி அறுந்த பிறகு இருபது வினாடி

எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிற சீலண்ணனுக்கு மலேசியாவில் இந்த வட சிலாங்கூர் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால், புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் பிறப்பதற்கு முன்பே தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு கித்தாரை அலறவிட்டவர் அவர். இப்போது முடி போய்விட்டது, தொப்பை வந்துவிட்டது, வயது ஐம்பத்தொன்பது. விரல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. காலையில் பெஸ்தாரி ஜெயாவில் எங்களை ஏற்றி, புஞ்சாக் ஆலாம் கையுறைத் தொழிற்சாலையில் இறக்கிவிடும்வரை அந்த விரல்கள் ஸ்டியரிங்கில் சும்மா இருப்பதில்லை.

முழுப்பெயர் சத்தியசீலன். இசைக்குழுவின் பெயர் சூறாவளி. 1994இல், தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம், எட்டாங்கட்டைத் தோட்டத்து மண்டபத்தில் அவர்கள் வாசித்ததை யாரோ பதிவு செய்து கேசட்டாக வெளியிட்டார்கள். 'எட்டாங்கட்டையில் சூறாவளி' என்ற அந்தக் கேசட் கோலா சிலாங்கூரிலிருந்து சபாக் வரைக்கும் கைமாறிக் கைமாறித் தேய்ந்தது. அதில் கடைசிப் பாட்டு 'சிவப்பு லோரி'. தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மேடு ஏறுகிற லோரியைப் பற்றிய பாட்டு. முடிவில் கித்தார் மட்டும் தனியாக வரும். லோரி கியர் மாற்றி மாற்றி முக்குவது அப்படியே கேட்கும். அன்றைக்குச் சரியாக மேட்டின் பாதியில், கித்தாரின் மெல்லிய கம்பி அறுந்தது. கூட்டத்தில் ஒரு பெண் 'அய்யோ!' என்று கத்தினாள். சீலண்ணன் ஒரு நொடி தடுமாறி, தடித்த கம்பிகளிலேயே எப்படியோ ஒப்பேற்றிப் பாட்டை முடித்தார். எல்லாம் கேசட்டில் ஏறிவிட்டது.

கத்தியது நான்தான். பெயர் கலாவதி, அப்போது வயது பதினான்கு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. கல்யாணங்களில் வாசிக்கிற குழுக்கள், கோயில் திருவிழாவில் வாசிக்கிற பையன்கள், எல்லாருமே அந்தக் கேசட்டைக் கேட்டுத்தான் 'சிவப்பு லோரி'யைக் கற்றுக்கொண்டார்கள். தடுமாற்றத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள். அந்த இடம் வந்ததும் மெல்லிய கம்பியை விரலால் அமுக்கிச் சத்தமே வராமல் செய்வார்கள். கூட்டம் ஒரே குரலில் 'அய்யோ!' என்று கத்தும். ஆயிரம் பேர் என் குரலைக் கத்தும்போது எனக்குப் பெருமை பிடிபடாது. கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

போன வருடம் சூறாவளிக்காரர்கள் மறுபடி ஒன்று சேர்ந்து கோலா சிலாங்கூரில் ஒரு கச்சேரி செய்தார்கள். எனக்கு அன்று ஷிப்ட், போக முடியவில்லை. அந்தக் கச்சேரிதான் இந்த வருடம், பழைய பெயரையே வைத்து, 'எட்டாங்கட்டையில் சூறாவளி - 2' என்று வெளியானது. வெளியான அன்று காலையில் சீலண்ணன் பஸ்ஸிலேயே அதைப் போட்டார். புதுமாப்பிள்ளை மாதிரி சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார். ஈஜோக் ஊரைத் தாண்டும்போது 'சிவப்பு லோரி' வந்தது. நான் வாயைத் திறந்து தயாராக இருந்தேன்.

கம்பி அறுபடவில்லை. லோரி நிற்காமல் மேலே ஏறியது. நாங்கள் யாரும் கேட்டே இராத ஒரு மெட்டு, உச்சத்தில், இருபது வினாடிக்கு நீண்டது. கூட்டத்தின் சத்தம் கொஞ்சமும் இல்லை. கச்சேரியில் கூட்டம் கத்திய கத்தலில் இந்த மெட்டு யாருக்கும் சரியாகக் கேட்கவில்லையாம், பதிவைச் சரி செய்யும்போது கத்தலை எடுத்துவிட்டார்களாம். என் குரலை எடுத்துவிட்டார்கள்! நாள் முழுக்கக் கையுறையில் ஓட்டை தேடுகிற வேலை என்னுடையது. ஓட்டை இல்லையே என்று ஒரு மனிதர்மேல் எனக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

எனக்கு மட்டும் இல்லை. சீலண்ணனும் இருக்கிற எங்கள் ரசிகர் வாட்ஸ்அப் குழு மத்தியானத்துக்குள் இரண்டாகப் பிளந்துவிட்டது. "தலைவர் இன்னமும் கிழிக்கிறாரு" என்று பாதிப் பேர். "ரொம்ப சுத்தமா இருக்கு லா, நம்ம சூறாவளி மாதிரியே இல்ல" என்று மீதிப் பேர். சபாக்கிலிருந்து நல்லசாமி ஐயா பதினான்கு பத்தியில் ஒரு கண்டனம் எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலே, ராவாங்கில் கித்தார் வகுப்பு நடத்தும் பவனேஷ் ஒரு வீடியோ போட்டான். 'சிவப்பு லோரி: சரியாக வாசிப்பது எப்படி?' பாட்டை உண்டாக்கினவருக்கே பாடம்! கம்பியை எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று விரலைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தான். நானும் சும்மா இருக்கவில்லை. "சீலண்ணே, அத வாசிச்சது நீங்கதானா?" என்று குழுவில் எழுதினேன். அறுபது பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

மறுநாள் பஸ்ஸில் பாட்டு இல்லை. அவர் விரல்கள் ஸ்டியரிங்கில் அசையவில்லை. தொழிற்சாலை வாசலில் எல்லாரும் இறங்கினார்கள். எனக்கு மட்டும் இறங்கக் கால் வரவில்லை.

"கோவமாண்ணே?"

"கோவம் இல்ல கலா." கண்ணாடியைப் பார்த்தபடி பேசினார். "அந்த இருபது செகண்ட நான் உண்டாக்க ஒரு வருசம் ஆச்சி. தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால உக்காந்து, விரல் வெடிச்சி ரத்தம் வர வாசிச்சேன். அன்னிக்கு மேடையில அது வரும்போது கம்பி அறுந்துபோச்சி. மாத்துக் கம்பிகூட கையில இல்ல. அந்த அவமானத்துல ஒரு வாரம் வீட்ட விட்டு வெளிய வரல, தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"முப்பது வருசமா ஊரெல்லாம் நான் தடுமாறினத வாசிக்குது. நான் போட்ட பாட்ட ஒருத்தன்கூட வாசிச்சதில்ல. இப்ப வாசிச்சிக் காட்டினா, அது தப்புங்கிறீங்க."

இறங்கிப் போனேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அந்த 'அய்யோ' எனக்குக் கிரீடம் மாதிரி இருந்தது. அவருக்கு அது ஒரு வருட உழைப்பு விழுந்து உடைந்த சத்தம். வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதம் சுங்கை பெசாரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சூறாவளிக்கு ஒரு கச்சேரி இருந்தது. பழையபடி வாசிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவோம் என்று வாட்ஸ்அப் குழுவில் சிலர் மிரட்டினார்கள். 'அய்யோ!' என்று அச்சடித்த சட்டைகூடத் தயாரானது. சீலண்ணனின் மனைவி திலகாவை மண்டப வாசலில் பார்த்தேன். முகம் வாடியிருந்தது.

"அண்ணே எப்படி வாசிக்கப் போறாருக்கா?"

"கேட்டா வாயத் தொறக்க மாட்றாரு. இன்னிக்கும் அவங்க இஷ்டத்துக்கு வாசிச்சிட்டாருன்னா, அதுக்கப்புறம் கித்தாரத் தொடமாட்டாரு கலா. எனக்கு அது மட்டும் தெரியும்" என்றார்.

மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் நல்லசாமி ஐயா, கையைக் கட்டிக்கொண்டு. பவனேஷ் தன் மாணவர்கள் ஒரு வரிசையோடு வந்திருந்தான். கடைசியாக 'சிவப்பு லோரி' தொடங்கியது. கித்தார் தனியாக வந்தது, லோரி முக்கியது. அந்த இடம் நெருங்கியது. சீலண்ணன் மெல்லிய கம்பியை அமுக்கினார்.

'அய்யோ!' மண்டபக் கூரை பிய்த்துக்கொண்டு போகிற சத்தம். பணிந்துவிட்டார் என்று ஒரே கைத்தட்டல். நான் கத்தவில்லை. எனக்கு அழுகை முட்டியது.

ஆனால் அவர் பாட்டை ஒப்பேற்றவில்லை, நிறுத்திவிட்டார். பின்னால் டிரம்ஸ் வாசிக்கும் செல்லன் மட்டும் தாளத்தை விடாமல் பிடித்திருந்தார். சீலண்ணன் பேண்ட் பையிலிருந்து ஒரு சின்னக் கட்டரை எடுத்து, மெல்லிய கம்பியைத் தன் கையாலேயே வெட்டினார். மைக்கின் பக்கம் குனிந்தார்.

"அறுந்துருச்சி. எல்லாரும் பாத்துட்டீங்க. அன்னிக்கு என்கிட்ட மாத்துக் கம்பி இல்ல." சட்டைப் பையிலிருந்து வளையமாகச் சுருட்டிய ஒரு புதுக் கம்பியை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "இன்னிக்கு இருக்கு. கொஞ்சம் இருங்க."

மேடையிலேயே நின்று கம்பி மாட்டினார். ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம் ஆகியிருக்கும். அவசரமே படவில்லை. கோர்த்து, சுற்றி, இழுத்து, காதருகே வைத்துச் சுதி பார்த்தார். செல்லனின் தாளத்துக்கு முதலில் திலகா அக்கா கைதட்டினார், அப்புறம் நான், அப்புறம் மண்டபம் முழுக்க. எழுந்து போவோம் என்றவர்கள் எழுந்து நின்றுதான் இருந்தார்கள், மேடையை எட்டிப் பார்ப்பதற்காக.

அப்புறம் வாசித்தார். லோரி விட்ட இடத்திலிருந்து புறப்பட்டது. கியர் மாறியது, இன்னொரு கியர் மாறியது, சத்தம் மெலிந்து மெலிந்து மேலே போனது. உச்சியில் அந்தப் புதுக் கம்பி ஒற்றைக் குரலாக நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முப்பது வருடமாகப் பாதி மேட்டில் நின்ற லோரி அது. என்னை அறியாமல் கத்தினேன். வேறு வார்த்தை வாயில் வரவில்லை, 'அய்யோ!'தான் வந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். இருபது வினாடி முடிந்ததும் கூட்டம் இன்னொரு முறை கேட்டது. மூன்று முறை வாசித்தார்.

எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். நல்லசாமி ஐயா அன்றும் ஒன்பது பத்தி எழுதினார். ஆனால் ஒன்பதாவது பத்தியில் "கடைசி இருபது வினாடி, பரவாயில்லை" என்று இருந்தது. அவரிடமிருந்து அது பெரிய பட்டம்.

போன வெள்ளிக்கிழமை காலையில், பஸ் கிளம்புவதற்கு முன்னால், சீலண்ணன் என்னைக் கூப்பிட்டுத் தன் போனை நீட்டினார். பவனேஷ் புது வீடியோ போட்டிருந்தான். பழைய வீடியோவை எடுத்துவிட்டு, அந்த இருபது வினாடியைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்திருந்தான். ஏழாவது வினாடியில் விரல் வழுக்கியது. மறுபடி ஆரம்பித்தான், மறுபடி அதே இடத்தில் வழுக்கியது. கேமராவைப் பார்த்து, "சோரி லா, இது ரொம்ப கஷ்டமா இருக்கு. இன்னும் ஒரு மாசம் டைம் குடுங்க" என்றான்.

"பாத்தியா கலா," என்றார் சீலண்ணன். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாயெல்லாம் சிரிப்பு. "என் பாட்ட வாசிக்கிறான்."

வீடியோவை இன்னொரு தரம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸைக் கிளப்பினார். அன்றைக்கு ஷிப்டுக்கு ஐந்து நிமிடம் தாமதம். யாரும் அதைக் குறை சொல்லவில்லை.