தங்கையின் கையெழுத்தில் ஆறாவது கதை

என் தங்கை எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகின்றது. ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்நினைவு மலரைக் கையேற்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் அவரது வாழ்க்கையை எடுத்துரைக்கும் கடமை மூத்தவனாகிய எனக்குரியது. ஆசிரியராகவும் பாடசாலை அதிபராகவும் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் பிறருடைய நினைவு மலர்கள் பலவற்றுக்கு எழுதியுள்ளேன். வெளியே சொல்லத் தகாதது எதையும் அவற்றில் சொன்னதில்லை. இதில் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கின்றது. அதற்குரிய இடம் வரும்போது சொல்வேன்.

தங்கை யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் பூர்வீக இல்லத்தில் பிறந்தார். எங்கள் தந்தையார் காணி உறுதிகள் எழுதிப் பதியும் பிரசித்த நொத்தாரிசாக விளங்கியவர். காணி உறுதிகளைப் படியெடுக்க அக்காலத்தில் எழுதுவினைஞர் ஒருவர் இருந்தார். அவர் நோயுற்றபோது, பதினாறு வயதுத் தங்கை அப்பணியைக் கையேற்றார். ஓர் எழுத்துக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்பது தந்தையாரின் கட்டளை. அவ்வாறு உருவான கையெழுத்து அவருடையது. சிறிய, உருண்ட, ஒரே சீரான எழுத்து. அவர் படியெடுத்த உறுதிகளில் அடித்தல் திருத்தல் ஒன்றையும் எவரும் கண்டதில்லை.

நான் கிளிநொச்சியில் கடமையாற்றிக்கொண்டிருந்தபோது, தொண்ணூறாம் ஆண்டில், என் மனைவி காலமானார். இரண்டு பிள்ளைகளும் சிறியவர்கள். தந்தையாரும் அதற்கு முன்னரே மறைந்துவிட்டார். தங்கை ஒரு தோற்பெட்டியுடன் வந்து இறங்கினார். அன்று முதல் என் வீடு அவருடைய பொறுப்பாயிற்று. பிள்ளைகள் இருவரும் இன்று கனடாவில் நல்ல நிலையில் இருக்கின்றனர் என்றால் அது அவரது உழைப்பின் பயன். அவர் வந்த மறு ஆண்டு, பயிர்ச்செய்கையைக் கவனிக்கும் கமத்தொழில் அலுவலகத்தில் பணிபுரிந்த ஒருவர் அவரைப் பெண் கேட்டு வந்தார். குடும்பத்தின் தகுதியைக் கருதி நான் அதனை மறுத்தேன். இவ்வளவையே உறவினர் அறிவர்.

பின்னர் போர் காரணமாகக் கிளிநொச்சியை விட்டு எல்லோரும் வெளியேற நேர்ந்தது. உடையார்கட்டில் ஒருவர் மனமுவந்து தந்த வளவில் கொட்டில் அமைத்துக் குடியிருந்தோம். அக்காலத்திற்றான் எங்கள் எழுத்தாளர் வட்டம் உருவாயிற்று. அந்நாட்களை நினைக்கும்போது பட்ட இன்னல்கள் பின்னே போய்விடுகின்றன. பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களே முன்னே வருகின்றன. ஒவ்வொரு போயா நாளும் மதியச் சாப்பாட்டின் பின் விசுவமடுப் பாடசாலையின் ஓலைக் கொட்டகையில் கூடுவோம். வேலியோரமாகச் சைக்கிள்கள் வரிசையாகச் சாத்தியிருக்கும். பனங்கட்டியும் வெறுந்தேநீரும் உண்டு. ஆசிரியர்கள், கமக்காரர், ஒரு மருத்துவத் தாதி, கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர் என இருபது பேர் வரை வருவர். தலைமைப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தனர். செயலாளர் தங்கை.

எழுதத் தாள் கிடையாது. பழைய பரீட்சை வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதினோம். சங்கக்கடை முகாமையாளர் சீனி வந்த கடதாசிப் பைகளைப் பிரித்து, ஈரத்துணியால் துடைத்து, மடித்துக் கொண்டுவருவார். "இந்தாங்கோ, இண்டைக்கு இனிப்பான தாள். எறும்பு வாசிக்கமுந்தி எழுதி முடியுங்கோ" என்பது அவரது வழக்கமான பேச்சு. மாதந்தோறும் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை வெளிவந்தது. ஒரே ஒரு பிரதி. அது வீடு வீடாகச் சுற்றிவரும். இறுதியில் விடப்பட்ட வெற்றுப் பக்கங்களில் வாசித்தவர்கள் தம் கருத்தை எழுதுவர். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கதை எழுதும் போட்டிகள் நடத்தினோம். இடம்பெயர்ந்தோர் காப்பாற்றிக் கொண்டுவந்த நூல்களைச் சேர்த்து இரண்டு உரப்பைகளில் ஒரு நூலகம் வைத்திருந்தோம். கல்லூரிக் காலத்திற்கூட இலக்கியத்தை இவ்வளவு பசியோடு பேசியவர்களை நான் கண்டதில்லை.

வட்டத்தில் முத்துலெட்சுமி என்றொரு பெண்மணி இருந்தார். மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பெற்றோருடன் வன்னிக்கு வந்து, விசுவமடுவில் மிளகாய்த் தோட்டம் செய்யும் தமையனாருடன் வாழ்பவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். முதல்முறை தம் கதையைத் தாமே வாசித்தபோது, அவரது பேச்சுவழக்கைக் கேட்டுச் சிலர் வாய்க்குள் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. ஆனால் உச்சரிப்புப் பிழைகளையும் இலக்கணப் பிழைகளையும் வரிசையாக எடுத்துக் கூறினேன். கதையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை.

அடுத்த கூட்டத்தில் தங்கை ஒரு பிரேரணை கொண்டுவந்தார். இனி எவரும் தம் படைப்பைத் தாமே வாசிப்பதில்லை. படைப்புகள் அனைத்தும் அவரது கையெழுத்தில் பெயரின்றிப் படியெடுக்கப்பட்டு, இலக்கம் மட்டும் இடப்படும். எழுதியவர் விரும்பினால் எழுத்துப்பிழைகள் திருத்தப்படும். பெயர்ப் பட்டியல் அவரிடமுள்ள வெற்றுப் பால்மாத் தகர ரின்னுக்குள் இருக்கும். விமர்சனம் முடிந்த பின்னரே பெயர் வெளியாகும். எழுதியவர் யாரென்று தெரியாமல் எவ்வாறு மதிப்பிடுவது என்று நான் ஆட்சேபித்தேன்.

"அதுக்காகத்தானே அண்ணை" என்றார் தங்கை.

பிரேரணை நிறைவேறியது. அவ்வழக்கம் எங்கள் வட்டத்துக்குப் பெரும் நன்மை செய்தது. கூச்சத்தால் ஒதுங்கியிருந்த பலர் எழுத முன்வந்தனர். எல்லாருடைய எழுத்தும் தங்கையின் உருண்ட கையெழுத்தில் ஒரே தோற்றத்தோடு எங்கள் முன் வந்தது.

இவ்வாறிருக்கையில், கொழும்பிலிருந்து வெளிவரும் இலக்கியச் சஞ்சிகை ஒன்று வன்னிப் படைப்பாளருக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட முன்வந்தது. முன்னர் எங்கும் வாசிக்கப்படாத ஆறு கதைகளைக் கேட்டிருந்தார்கள். வன்னிக்கு வெளியே எங்கள் எழுத்து அச்சேறக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. கண் சிகிச்சைக்காகப் பயண அனுமதிப் பாஸ் கிடைத்து வவுனியாவுக்குப் புறப்பட இருந்த சங்கக்கடை முகாமையாளர் பொதியைக் கொண்டுசென்று தபாலிடச் சம்மதித்தார். வந்த கதைகளைப் பெயரறியாமலே மூவர் வாசித்து ஆறைத் தெரிவுசெய்தனர். பெயர்ப் பட்டியலைத் தங்கை தனி உறையில் இட்டு ஒட்டினார். முகவுரைக் கடிதம் எழுதிப் பொதியை மூடுவது மாத்திரமே என் பணி.

மூடுமுன் வாசித்தேன். ஆறாவது கதையில் உரையாடலே இல்லை. மனைவியை இழந்த தமையன் வீட்டில் சமைத்துப்போடும் ஒருத்தியைப் பற்றியது. அவளைப் பெண் கேட்டு ஒருவர் வருகின்றார். தமையன் அவளிடம் ஒரு வார்த்தை கேளாமல் வந்தவரை வாசற் படலையடியிலேயே திருப்பி அனுப்புகின்றான். அவருக்கென ஊற்றிய தேநீர் ஆறிப்போகின்றது. அவள் அடுப்படியில் நின்று அதைத் தானே குடிக்கின்றாள். பின்னர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கின்றாள். அவ்வளவுதான் கதை.

என் தங்கையின் கையெழுத்தில் என் வீடு எழுதப்பட்டிருக்கின்றது என்று கண்டேன். எல்லாக் கதைகளும் அதே கையெழுத்தில் இருந்தன என்பது அந்நேரம் என் புத்திக்கு எட்டவில்லை. நொத்தாரிசார் குடும்பத்து விடயம் கொழும்புச் சஞ்சிகையில் ஏறுவதா என்ற ஒரே எண்ணமே இருந்தது. அக்கதையை எடுத்து என் சான்றிதழ்க் கோவைக்குள் வைத்தேன். அதன் இடத்தில், வன்னியின் இலக்கிய மரபு பற்றி நான் எழுதியிருந்த கட்டுரையை வைத்துப் பொதியை மூடினேன். இதுவே நான் சொல்லவேண்டியிருந்தது.

சில மாதங்களில் முகாமையாளரின் உறவினர் ஒருவர் மூலம் சிறப்பிதழும் ஆசிரியரின் கடிதமும் வந்துசேர்ந்தன. போயா நாளன்று கொட்டகை நிறைந்திருந்தது. செயலாளர் என்ற முறையில் தங்கை எழுந்து கடிதத்தை வாசித்தார். ஐந்து கதைகளையும் தலைவரின் கட்டுரையையும் மகிழ்ச்சியுடன் வெளியிட்டதாகவும், பெயர்ப் பட்டியலில் ஆறாவதாக உள்ள முத்துலெட்சுமி அவர்களின் கதை பொதிக்குள் இல்லாதது குறித்து வருந்துவதாகவும் ஆசிரியர் எழுதியிருந்தார்.

வாசித்த குரல் ஓரிடத்தில் நின்று, மறுபடி தொடர்ந்தது. நான் நிமிரவில்லை.

"சோதனைச் சாவடியிலை பற்றரியைப் பறிச்சாங்கள், சவுக்காரத்தைப் பறிச்சாங்கள். இப்ப கதையையும் பறிக்கத் துவங்கீட்டாங்களோ?" என்றார் முகாமையாளர். எல்லோரும் சிரித்தனர். அதுவே காரணமென்று எல்லோரும் கொண்டனர். நான் மறுத்துரைக்கவில்லை.

முத்துலெட்சுமி இதழை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருமுறை புரட்டினார். பின் மடியில் வைத்துத் தடவிவிட்டு, "பரவால்லீங்க ஐயா. நம்ம ஆளுக அஞ்சு பேரோடது வந்திருச்சில்ல" என்றார்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் தங்கை சைக்கிளில் எனக்கு முன்னே சென்றார். வளவுக்குள் வந்த பின்னரே பேசினார்.

"அண்ணை, அந்தக் கதை எங்கை?"

"என்ரை கோவைக்குள்ளை கிடக்கு."

"ஏன் எடுத்தனீங்கள்?"

"எங்கடை வீட்டுக் கதையை ஊருக்குக் காட்டேலாது, தங்கச்சி."

அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அது முத்துலெட்சுமியின்ரை கதை. எங்கடை வீட்டுக் கதையெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவர் விடைக்குக் காத்திருக்கவில்லை, அரிசி களையப் போய்விட்டார். முத்துலெட்சுமியிடம் நானே சொல்லவேண்டும் என்பது மாத்திரமே பின்னர் அவர் விடுத்த வேண்டுகோள். நேரம் வரட்டும் என்றேன். அடுத்த போயா நாளில் அவர் பால்மா ரின்னைக் கொண்டுவரவில்லை. "இனிப் பேரைப் போட்டே எழுதுவம்" என்று சபையில் கூறினார். காரணம் கேட்டவர்களுக்கு, எல்லாரும் இப்போது துணிந்துவிட்டார்கள், மறைக்கத் தேவையில்லை என்றார். என்னை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அதன்பின் எனது எழுத்து எதையும் அவர் படியெடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு அவருக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் மலேரியா என்று எண்ணினோம். பின்னர் சிறுநீரகம் பழுதுற்றிருப்பது தெரியவந்தது. வைத்தியசாலையில் பதினெட்டு நாட்கள் இருந்தார். பெண் நோயாளர் விடுதியில் நான் தங்கமுடியாது. முத்துலெட்சுமி மிளகாய்ப் பழம் பறிக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து, தரையில் பாய் விரித்து அவரோடு தங்கினார். இறுதி வாரத்தில் ஒரு பிற்பகல், முத்துலெட்சுமி கஞ்சி வாங்கச் சென்றிருந்த வேளையில், தங்கை என்னிடம் கேட்டார்.

"கதை இருக்கோ அண்ணை?"

"ஓம், கிடக்கு."

"கிழிக்கேல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப காணும், அது போதும்" என்றார். எங்களிடையே நிகழ்ந்த கடைசி உரையாடல் அது. மறுநாள் அவருக்கு நினைவு தப்பியது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் கோவையிலிருந்து கதையை எடுத்துக்கொண்டு விசுவமடுவுக்குச் சென்றேன். முத்துலெட்சுமி தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து கதிரை எடுத்துப்போட்டார். நான் அமராமல் நின்றபடியே நடந்ததைக் கூறினேன். எந்தப் பாடசாலை மேடையிலும் எனக்கு அவ்வாறு நாத் தடுமாறியதில்லை. அவர் தாள்களை வாங்கி, எழுத்தின் மீது விரலை வைத்துப் பார்த்தார்.

"அக்காவோட கையெழுத்து அப்பிடியே இருக்குங்க" என்றார்.

என் தங்கை தன்னைப் பற்றி எழுதியதாக எண்ணிவிட்டேன் என்றேன்.

"இது எங்க அண்ணன் கதைங்க ஐயா. அண்ணி செத்தப்புறம் கஞ்சி ஊத்த வேற ஆளில்ல அவருக்கு. என்னைய எப்பிடி அனுப்புவாரு? அவரு மேல கோவமில்லீங்க, நடந்தத எழுதினேன். அக்கா படிச்சிட்டுப் பேனாவ வச்சிட்டாங்க. 'முத்து, நீ என்னைப் பாத்தோ எழுதினனீ'ன்னு கேட்டாங்க. இல்லீங்கக்கான்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் சொன்னாங்க, 'அந்தத் தேத்தண்ணியை நானும்தான் குடிச்சனான், முத்து'ன்னு."

என் தங்கையின் வினாவுக்கு அன்று விடை கிடைத்தது. அது எங்கள் வீட்டுக் கதையென்று எனக்கு எவரும் சொல்லவில்லை, நான் அறிந்திருந்தேன். தகுதி என்று உறவினருக்கு நான் கூறிய காரணம் உண்மையன்று. வந்தவர் நல்ல குடும்பத்தவர்; படித்தவர். அவர் தங்கையை அழைத்துச் சென்றிருந்தால் என் வீட்டில் அடுப்பெரிக்க ஆளில்லை. தங்கையிடம் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. இதனை எங்கள் குடும்பத்து மூத்தோர் எவராவது குறைவாகக் கருதின், அக்குறை என்னுடையது, அவருடையதன்று.

எங்கள் துயரில் பங்கேற்ற அனைவருக்கும் என் பிள்ளைகளின் சார்பிலும் நன்றி கூறுகின்றேன். வளவு தந்து எங்களை வாழவைத்த உடையார்கட்டுக் குடும்பத்தாருக்கும், தங்கையின் உடலைக் கொண்டுவர உழவு இயந்திரம் தந்துதவிய சங்கக்கடை முகாமையாளருக்கும், அந்தியேட்டி வரை நாள்தோறும் எங்களுக்குச் சமைத்து அனுப்பிய எழுத்தாளர் வட்டத்து அன்பர்களுக்கும் கடமைப்பட்டுள்ளோம். பதினெட்டு நாட்களும் என் தங்கையின் அருகிருந்த முத்துலெட்சுமிக்குக் கூறும் நன்றி இவ்வரிசையில் அடங்காது.

இம்மலரின் அடுத்து வரும் நான்கு பக்கங்கள் எங்கள் குடும்பத்தின் முன்னோர் வரலாறு பற்றிய என் கட்டுரைக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. கட்டுரை எழுதி முடிக்கப்பட்டு அச்சகத்துக்கும் சென்றுவிட்டது. பின்னர் இன்னொன்றையும் சேர்க்கக் கேட்டேன். இரண்டும் அடங்கத் தாள் போதாது, ஒன்றைத்தான் சேர்க்கலாம் என்று அச்சகத்தார் கூறினர். என் கட்டுரையை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஆறாவது கதையை வைத்திருக்கின்றேன். தலைப்பின் கீழே முத்துலெட்சுமியின் பெயர் இருக்கின்றது.