ஒரே குடும்பமும் ஒரு தண்டாஸ் அட்டையும்

ஊரார் விஷயத்தில் மூக்கை நுழைப்பதற்கு மாதச் சம்பளம் கிடைக்கும் வேலை எச்.ஆர். வேலை ஒன்றுதான். ஆள் எடுப்பது, லீவு பார்ப்பது, யார் யாரை ஏன் முறைக்கிறார் என்று விசாரிப்பது எல்லாம் நம் தலையில். மேலே உள்ளவர்களுக்கு நாம் தொழிலாளி பக்கம், தொழிலாளிகளுக்கு மேனேஜர் பக்கம். இப்படி நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ‘ஏன்’ என்று கேட்கிற வியாதி உண்டு. மலேசியாவில், ரவாங்கில் பரோட்டா செய்து உறைய வைத்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்த பிறகு அது முற்றிவிட்டது.

அண்ணன், தம்பி, மாமா

புது மேனேஜர் கோபி சுபாங்கிலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை. எங்கேயோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார், அதுதான் வினை. வந்த வாரமே ‘நாம் ஒரே குடும்பம்’ என்று மூன்று மொழியில் பேனர் கட்டினார். இனிமேல் யாரும் ‘சார்’ போடக்கூடாது, ‘கோபி’ என்றே கூப்பிட வேண்டும் என்றார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கலும்பாங் பக்கத்துத் தோட்டக் குடும்பங்கள். நிர்வாகி என்றால் ‘துரை’ என்று சொல்லிப் பழகிய வீடுகள். அவர்களுக்கு வெறும் பெயர் வாயில் வருமா?

குடும்பம் என்று அவரே சொல்லிவிட்டதால் முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மாவு பிசையும் பையன்களுக்கு அண்ணன் ஆனார். ஃபோர்க்லிப்ட் ஓட்டும் முனியாண்டிக்குத் தம்பி ஆனார். பேக்கிங்கில் இருந்த ஒரு வாயாடிப் பெண் “மாமா, டேப் முடிஞ்சிருச்சு!” என்று குரல் கொடுக்க, வரிசை முழுவதும் சிரிப்பில் குலுங்கியது. கோபி காதெல்லாம் சிவந்துபோய் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். “லெட்சுமி, ‘சார்’னே கூப்பிடச் சொல்லிடுங்க லா.”

தாகம் எடுக்காதவர்கள்

அடுத்து வந்தது அட்டை. ஒரே நேரத்தில் பலர் கழிவறைக்குப் போவதால் உற்பத்தி குறைகிறதாம். ஆகவே வரிசைக்கு ஓர் அட்டை, மலாய் மொழியில் ‘தண்டாஸ்’ என்று கொட்டை எழுத்தில். அதைக் கழுத்தில் மாட்டியவர் மட்டுமே கழிவறைக்குப் போகலாம். அவர் திரும்பி வந்தபின்தான் அடுத்தவர். கூட்டத்தில் மேனேஜர் “யாருக்காவது ஆட்சேபனை இருக்கா?” என்று கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

சில வாரம் கழித்து ஒரு விநோதம் கண்ணில் பட்டது. சாப்பாட்டு அறையில் குடிதண்ணீர்க் கருவியின் மேல் கவிழ்த்திருந்த பெரிய போத்தல் குறையவே இல்லை. சூடு பறக்கும் மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறவர்கள் தண்ணீர் குடிக்காமல் எப்படி இருக்கிறார்கள்? பழுதோ என்று நானே பொத்தானை அழுத்திப் பார்த்தேன். சில்லென்று கொட்டியது. தண்ணீர் லோரி ஓட்டும் சேகர், கொண்டுவந்த போத்தல்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டே கேட்டார். “நோன்பு மாசம் எப்பவோ முடிஞ்சிருச்சே, உங்க ஆளுங்க இன்னுமா புவாசா இருக்காங்க?”

என்ன பிரச்சனை?

பிறகு ஒவ்வொருவராக வேலையை விட ஆரம்பித்தார்கள். காரணம் கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில், ‘குடும்பப் பிரச்சனை’. எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் அப்படி என்னதான் சண்டை? எவ்வளவோ குடைந்து பார்த்தேன், அதே பதிலைத்தான் திருப்பிச் சொன்னார்கள்.

கடைசியில் பிலோமினா அக்காவே வந்து நின்றார். தொழிற்சாலை திறந்த நாளிலிருந்து பரோட்டா வரிசையை நடத்துகிறவர். நான் புதிதாகச் சேர்ந்தபோது ‘ஆபீஸ்காரி’ என்று எல்லாரும் ஒதுங்க, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே ஆள். சிறுநீர்த் தொற்று என்று படுத்துவிட்டு அன்றுதான் வந்திருந்தார். மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்றார். அவர் போனால் அந்த வரிசையே கலைந்துவிடும். எனக்கும் அங்கே மனசு ஒட்டாது. “வீட்டுல என்னக்கா பிரச்சனை? வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?” என்றேன். அக்கா ஜன்னல் வழியாகப் பேனரைப் பார்த்தார். “அவரு நல்லாதான் இருக்காரு. நாம எல்லாம் ஒரே குடும்பம்னு மேனேஜர்தானே கட்டி வச்சிருக்காரு? அந்தக் குடும்பத்துலதான்மா பிரச்சனை.”

மாடிக்கும் ஒன்று

தண்ணீர் விஷயத்தை நான் முன்பே மேனேஜரிடம் சொல்லியிருந்தேன். ‘ஃபீட்பேக்குக்கு நன்றி’ என்றார், அதோடு சரி. இந்தத் தடவை வேறு மாதிரி பேசினேன். “ஒரே குடும்பம்னா ஆபீசுக்கும் ஒரு அட்டை இருக்கணுமே சார்?” அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அன்றே மாடி அலுவலகத்தில் ஆணி அடித்து அட்டை மாட்டினார். என்ன நடக்கும் என்று பார்க்க எனக்கு ஒரே ஆவல்.

தலைமையகத்திலிருந்து ஆட்கள் வந்த அன்று பார்த்துவிட்டேன். அவர்களோடு பேசிப் பேசியே பெரிய கிளாஸில் தே தாரிக் டீ குடித்த மேனேஜர், நைசாக எழுந்து வந்து பார்த்தால் ஆணியில் அட்டை இல்லை. கணக்குப் பிரிவு மிசஸ் வோங் மாட்டிக்கொண்டு போயிருந்தார். அவர் கைப்பேசியோடு உள்ளே போனால் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவு நேரமும் மேனேஜர் இந்த அட்டையின் பெருமையைத்தான் விருந்தாளிகளிடம் அளந்துகொண்டிருந்தார், அவர்கள் கண்ணெதிரே வெறுங்கழுத்தோடு எப்படிப் போவார்? கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பார்த்தார். பிறகு என் மேசைப் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார். “லெட்சுமி, இந்த மடத்தனமான ஐடியா யாரு லா கொடுத்தது?”

யார் சொல்வது?

மறுநாள் காலை ஓர் ஆணியிலும் அட்டை இல்லை. அறிவிப்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பிலோமினா அக்கா போத்தல் முன்னால் நின்று ஒரு குவளை தண்ணீரை மடமடவென்று குடித்தார். இன்னொரு குவளை பிடித்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. “அப்போ நிக்கமாட்டீங்கதானேக்கா? குடும்பப் பிரச்சனை தீந்துருச்சில்ல?” என்றேன். அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு, ஆள் இல்லாமல் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தார். “நான் இருக்கேன்மா. தீந்துருச்சுன்னு, போன புள்ளைங்களுக்கு யாரு சொல்றது?”

இப்போதெல்லாம் ‘உங்கள் கம்பெனி எப்படி?’ என்று கேட்பவர்களுக்கு நான் பேனரைக் காட்டுவதில்லை, தண்ணீர்ப் போத்தல் சீக்கிரம் காலியாகிறது என்று மட்டும் சொல்கிறேன்.