பச்சைக் கோட்டுக்கு வெளியே

சேஃப்டி ஆஃபீசர் வேலை என்பது, அடுத்தவர் செய்யும் தவறை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து எழுதிவைக்கும் வேலை. அதில் பதினோரு வருடம் ஓட்டியவன் நான். என் தவறை எழுத ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் எங்கள் ப்ராஜெக்ட் முடிந்தது, கம்பெனி கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டது. வேலை பாஸ் ரத்தானால் என்ன ஆகும் என்று சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கையில் ஒரு மாதம். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நான், மனைவி கவிதா, தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகள் யாழினி, மூவரும் மூட்டை கட்டவேண்டியதுதான். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து, ஸ்டேஷன் வரும்வரை பதில்களை முணுமுணுத்த அனுபவம் உள்ளவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மஞ்சள் பலகை

முதல் நேர்காணல் பாசிர் பாஞ்சாங்கில். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிடித்தது மழை. ஓடிப் போய்ச் சேர்ந்தபோது சட்டை, பேன்ட், ஷூ எல்லாம் தொப்பல். வரவேற்பறையில் நான் நின்ற இடத்தில் தண்ணீர் குளம் கட்டியது. அங்கிருந்த சீன ஆன்ட்டி பதறி எழுந்து மாப் கொண்டுவந்தார். பிறகு என்ன தோன்றியதோ, ‘தரை ஈரம், கவனம்’ என்று எழுதிய மஞ்சள் பலகையைக் கொண்டுவந்து என் காலடியிலேயே வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜர் கதவைத் திறந்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாதுகாப்புக்கு ஆள் கேட்டால் ஆபத்தே நேரில் வந்து நிற்கிறது என்று நினைத்திருப்பார். ஏழே நிமிடத்தில் பேச்சை முடித்துவிட்டார். வெளியே வந்தால், ஆன்ட்டி தன் கைப்பணத்தில் மெஷினில் ஒரு கப் சூடான மைலோ எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சொன்னார்: “கவலைப்படாதீங்க லா, நீங்க நல்ல சேஃப்டி ஆஃபீசர்தான். இவ்வளவு தண்ணி கொட்டியும் ஒருத்தர்கூட விழல, பாருங்க.”

முடிச்சு

அடுத்தது ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலை. அன்று காலை கவிதா என்னைச் சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்கு இழுத்துப்போய், வேலை கிடைக்கவேண்டும் என்று மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டாள். நானும் பக்தியாகக் கைநீட்டிக் கட்டிக்கொண்டேன். சுற்றும் மெஷின் பக்கத்தில் போகிறவன் கையில் கயிறு, மோதிரம், வாட்ச் எதுவும் கூடாது என்று ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்தவன் நான்!

மேனேஜர் ரஹ்மான் மலாய்க்காரர். பேசிக்கொண்டே கடைசல் மெஷின் வரை அழைத்துப்போனவர், என் மணிக்கட்டைப் பார்த்ததும் சட்டென்று நின்றுவிட்டார். எனக்கு முகம் செத்துவிட்டது. “கத்தரிக்கோல் கொடுங்க, வெட்டிடறேன்” என்றேன். யார் கட்டியது என்று கேட்டார். சொன்னேன். என்னை அறைக்குத் திருப்பி அழைத்துப்போய், என் கையைத் தன் மேசைமேல் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நகத்தாலேயே பொறுமையாக முடிச்சை அவிழ்த்தார். கயிற்றைக் கம்பெனி கவரில் போட்டு என் பையில் செருகினார். இரண்டு நாள் கழித்து மெயில் அனுப்பாமல் அவரே போன் செய்தார்: “கயிறு காரணமில்ல. மேலிடத்துல அந்தப் போஸ்டையே நிறுத்திட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச ஷிப்யார்டுல ஆள் தேடுறாங்க, இப்பவே அப்ளை பண்ணுங்க.”

என் பெயரில் ஒரு ரிப்போர்ட்

கப்பல் கட்டும் அந்த ஷிப்யார்டுக்குப் போன நாளில் கையில் மீதம் பதினொரு நாள். கேட்டிலிருந்து அலுவலகக் கட்டடம்வரை, நடப்பவர்களுக்கென்று தரையில் பச்சைக் கோடு போட்டுப் பாதை பிரித்திருந்தார்கள். அதற்குள்தான் நடக்கவேண்டும். போன் பார்க்கக்கூடாது. இது எனக்குத் தெரியாததா? ஆனால் போன் அதிர்ந்தது, எடுத்துவிட்டேன். கவிதாவின் செய்தி: ‘ஊருக்குப் போறோம்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லிடவான்னு யாழினி கேக்குறா. என்ன சொல்ல?’ படித்துக்கொண்டே கோட்டைவிட்டு வெளியே போய்விட்டேன். பின்னால் ஹாரன் அலறியது. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி இரண்டு முழத்தில் வந்து நின்றது. கேட் காவலாளி மணியம் அண்ணன் அங்கிருந்தே கத்தினார்: “தம்பி! கோடு எதுக்குப் போட்டிருக்கு? கோலமா?”

மாடியில் நேர்காணல் அறைக்குப் போனேன். மேனேஜர் மிஸ் லிம் ஜன்னலோரம் நின்றிருந்தார். ஜன்னலுக்குக் கீழே அதே பச்சைக் கோடு. என் ஃபைலை அவர் திறக்கக்கூட இல்லை. “வழி சுலபமா இருந்ததா?” என்று மட்டும் கேட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? “மேடம், ஆரம்பிக்கும் முன்னால ஒரு நியர் மிஸ் ரிப்போர்ட் கொடுக்கணும்” என்றேன். விபத்து மயிரிழையில் தப்பினால் எங்கள் தொழிலில் எழுதும் அறிக்கை அது. அவர் ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். இடம், நேரம் எழுதினேன். தவறு செய்தவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். காரணம்: நடக்கும்போது போன் பார்த்தது. தடுக்கும் வழி: கேட்டிலேயே போனை வாங்கிவைக்க ஒரு பெட்டி.

“போன்ல அப்படி என்ன அவசரம்?” என்றார். சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். ஒரு மணி நேரம் துளைத்தெடுத்தார். ஐந்தாம் நாள் மெயில் வந்தது. கவிதா அதை மூன்று தடவை சத்தமாகப் படிக்கவைத்தாள். யாழினி தன் ஃப்ரெண்ட்ஸ் யாரிடமும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. வேலையில் சேர்ந்த அன்று மிஸ் லிம்மிடம் கேட்டேவிட்டேன், ஏன் என்னை எடுத்தீர்கள் என்று. கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “இருபது வருஷமா நியர் மிஸ் ரிப்போர்ட் படிக்கிறேன். எல்லாத்துலயும் தப்பு செஞ்சது வேற யாரோ.”

மணியம் அண்ணன்

அன்று மத்தியானமே கேட்டுக்குப் போய் மணியம் அண்ணனுக்கு நன்றி சொன்னேன். அவர் போட்ட சத்தத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது என்றேன். இங்கேயே செம்பவாங்கில் பிறந்து வளர்ந்தவர், பேச்சில் ஒளிவுமறைவே கிடையாது. சேரில் சாய்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீங்க இன்டர்வியூக்கு வந்தவருன்னு எனக்குத் தெரியாது தம்பி. சேஃப்டி ஆஃபீசர்னு தெரிஞ்சிருந்தா இன்னும் சத்தமா கத்தியிருப்பேன்.”

முதல் பார்வையிலேயே எல்லாருக்கும் என்னைப் பிடித்திருந்தால் இந்த நாலு நல்ல மனிதர்களின் அருமை எனக்குத் தெரியாமலே போயிருக்கும் என்பது உண்மைதான், என்றாலும் அதைத் தெரிந்துகொள்ள இந்த வழி வாழ்க்கையில் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.